தென் இத்தாலியில் ஒரு மாதம்: கோடைப் பயணத் திட்டமும் அதன் திருத்தங்களும்

2025 ஜனவரி 11 (கேள்வி)

வருகிற ஜூன் 15 முதல் ஜூலை 15 வரை தென் இத்தாலியில் ஒரு மாதம் தங்க எண்ணியிருக்கிறோம். நான், கணவர், பதினொரு வயது மகள், அறுபத்தெட்டு வயது மாமியார் என நால்வர், நால்வரும் சைவம். ரோமையும் வடக்கையும் முன்பே பார்த்துவிட்டோம். தெற்கில் பார்ப்பதற்கு இரண்டு வாரமே அதிகம், மீதியை வடக்கு ஏரிகளில் கழிக்கலாம் என்று பயண முகவர் சொல்கிறார். நேப்பிள்ஸ், பொம்பெயி, காப்ரி, சொரெந்தோ, அமால்ஃபி, மாத்தேரா, அல்பெரொபெல்லோ, லெச்சே, ஒத்ராந்தோ, ரெஜ்ஜோ, தவோர்மினா, சிரக்கூசா, அக்ரிஜெந்தோ, பலெர்மோ என்று பதினான்கு ஊர்களைப் பட்டியலிட்டு வைத்திருக்கிறேன். கார் எடுப்பதா, ரயிலில் போவதா? சென்னை வெயிலில் வளர்ந்தவர்களுக்கு அந்த ஊர் வெயில் ஒரு பொருட்டாக இருக்காது என்று நினைக்கிறேன்; சரிதானே?

2025 ஜனவரி 12

சரியில்லை. ஒரு மாதம் அதிகம் என்று முகவர் சொல்வதும் சரியில்லை, பதினான்கு ஊர்கள் என்று நீங்கள் வைத்திருக்கும் கணக்கும் சரியில்லை, வெயிலைப் பற்றிய நம்பிக்கை எல்லாவற்றையும்விடச் சரியில்லை.

வெயிலிலிருந்தே தொடங்குகிறேன். 2021 ஆகஸ்ட் 11 அன்று சிரக்கூசாவுக்கு அருகிலுள்ள ஃப்ளோரிதியாவில் 48.8 பாகை பதிவானது. ஐரோப்பாவின் மிக உயர்ந்த வெப்பநிலை என்று உலக வானிலை அமைப்பு அதை உறுதி செய்திருக்கிறது. அது ஒரு நாளின் உச்சம்தான், உங்களுக்கு அப்படி வாய்க்காது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் சென்னையில் வெயில் நேரத்தில் நாம் வெளியே அலைவதில்லை. மின்விசிறிக்கு அடியில் இருக்கிறோம், அல்லது ஆட்டோவில் போகிறோம். அங்கேயோ நிழலே இல்லாத இடிபாடுகளுக்கு நடுவில் மூன்று மணி நேரம் நடப்பதற்கென்றே பணம் கட்டிப் போகிறோம். ஜூன் மாதத்தில் இரவு எட்டரை மணி வரை வெளிச்சம் இருக்கும். பகலெல்லாம் சூடேறிய கல் நள்ளிரவு வரை அந்தச் சூட்டைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஆப்பிரிக்கப் பக்கமிருந்து ஷிரோக்கோ என்னும் காற்று வீசும் நாள்களில் சன்னலைத் திறந்தால் அடுப்பைத் திறந்தது போலிருக்கும்.

ஆகவே, தெற்கில் ஒரு நாள் என்பது இரண்டு அரை நாள்கள். காலை ஏழரையிலிருந்து பன்னிரண்டரை வரை ஒன்று, மாலை ஆறிலிருந்து இரவு பதினொன்று வரை மற்றொன்று. இடைப்பட்ட நேரத்தில் ஊரே உறங்குகிறது. கடைகளும் பல தேவாலயங்களும் ஒரு மணிக்குச் சாத்தப்பட்டு, நான்கு அல்லது ஐந்து மணிக்குத்தான் திறக்கின்றன. நானும் என் மனைவியும் 2016 ஆகஸ்டில் முதன்முறை போனபோது இதை அறியாமல் இருபத்தொரு நாளில் பதினொரு ஊர்களை அடுக்கினோம். ஊர் மாற்றும் நாளெல்லாம் நண்பகலில் பெட்டியை இழுத்துக்கொண்டு, பூட்டிய கதவுகளுக்கு முன்னால் நின்றோம். ஆகஸ்ட் 15 அங்கே ஃபெர்ராகோஸ்தோ என்னும் பெருவிடுமுறை. அன்று லெச்சேயில் இறங்கிய எங்களுக்கு, நாங்கள் தங்கிய தெருவில் ஒரு கடைகூடத் திறந்திருக்கவில்லை; பையில் கிடந்த பிஸ்கட்டே பகலுணவு. 2023 ஜூன், ஜூலையில் என் தாயாரையும் அழைத்துக்கொண்டு இரண்டாம் முறை போனபோது இருபத்தொன்பது நாள்களுக்கு ஐந்தே ஊர்களில் அறை எடுத்தோம். அதன் பிறகே, ஒரு மாதம் போதவில்லை என்ற குறை தோன்றியது.

உங்கள் பதினான்கில் ஆறு ஊர்களில் மட்டும் தங்குங்கள். மற்றவை அவற்றிலிருந்து போய்வரும் தூரத்தில் இருக்கின்றன. வெயில் ஏற ஏற வடக்கு நோக்கி வருவது நல்லது என்பதால், பலெர்மோவில் தொடங்கி நேப்பிள்ஸில் முடியுங்கள்.

2025 ஜனவரி 12, இரவு

விட்டுப்போன ஒன்று. எல்லா இரவுகளும் இத்தாலியில் என்பதால் ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு இத்தாலியிடமே விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, உங்கள் மகளுக்கு 45. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால் வாசல் ஏற்கெனவே திறந்துதான் இருக்கிறது; மேயில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். 2023-இல் நாங்கள் அப்படி இருந்து, கடவுச்சீட்டு கைக்கு வந்தபோது பயணத்துக்கு நான்கு நாள்களே மீதமிருந்தன.

நேப்பிள்ஸ் என்று எழுதிப் பழகிவிட்டோம். ரயில் நிலையப் பலகைகளில் நாப்போலி என்றுதான் இருக்கும். இனி நானும் அப்படியே எழுதுகிறேன்.

2025 ஜனவரி 19

காரா, ரயிலா என்ற கேள்வி. ரயில், கார் வேண்டவே வேண்டாம்.

பழைய நகர்ப்பகுதிகளின் நுழைவில் 'இசட்.டி.எல்.' என்ற பலகையும் மேலே ஒரு கேமராவும் இருக்கும். உள்ளூர்வாசிகளின் வண்டிகளுக்கு மட்டும் அனுமதியுள்ள பகுதி அது. வழிகாட்டும் செயலி சொல்கிறதே என்று உள்ளே திரும்பினால் அப்போது ஒன்றும் நடக்காது. யாரும் நிறுத்த மாட்டார்கள், விசிலும் ஊதமாட்டார்கள். பல மாதம் கழித்து வீட்டுக்குத் தண்டத் தொகைக் கடிதம் வரும். 2016-இல் நாங்கள் எடுத்த வாடகைக் காருக்கு அடுத்த ஏப்ரலில் வந்தது. தங்கும் விடுதியைத் தேடி ஒரே தெருவை இரண்டு முறை சுற்றியதால் கடிதமும் இரண்டு. ஒன்றைக் கட்டிவிட்டு, மற்றது பிழையாக வந்த நகல் என்று எண்ணிக் குப்பையில் போட்டதும் நான்தான். தவிர, இந்திய ஓட்டுநர் உரிமத்தோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்க வேண்டும்.

ரயிலைப் பொறுத்தவரை இரண்டு வகையைப் பிரித்துப் பாருங்கள். விரைவு ரயில்களுக்கு முன்பே பதிவு செய்தால் மலிவு. வட்டார ரயில்களுக்கு என்றைக்கும் ஒரே கட்டணம், முன்பதிவில் எந்த நன்மையும் இல்லை. ஆனால் காகிதச் சீட்டு வாங்கினால் ஏறுவதற்கு முன் நடைமேடையில் உள்ள சிறு இயந்திரத்தில் முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். குத்தாத சீட்டு, சீட்டே இல்லாததற்குச் சமம்.

கிழக்குக் கரைத் துறைமுக நகரான பாரியிலிருந்து மாத்தேராவுக்குப் போவது தனி நிறுவனத்தின் குறுகிய பாதை ரயில்; ஞாயிற்றுக்கிழமைகளில் அது ஓடாது, பதிலுக்குப் பேருந்து. திட்டத்தில் மாத்தேராவை ஞாயிறன்று வைக்காதீர்கள்.

வேலைநிறுத்தம் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். ஷோப்பெரோ என்று ஒரு சொல்; அங்கே அது அகராதியில் தேட வேண்டிய சொல் அல்ல, நாள்காட்டியில் பார்க்க வேண்டிய சொல். முன்கூட்டியே அறிவித்துவிட்டே செய்கிறார்கள், பெரும்பாலும் வெள்ளிக்கிழமையை ஒட்டி. வேலைநாள்களில் காலை ஆறு முதல் ஒன்பது வரையும் மாலை ஆறு முதல் ஒன்பது வரையும் குறிப்பிட்ட வட்டார ரயில்கள் கட்டாயம் ஓடியாக வேண்டும் என்ற ஏற்பாடு உண்டு. ஊர் மாறும் நாள்களை வெள்ளியில் வைக்காமல் இருந்தாலே பாதித் தலைவலி குறையும்.

2025 பிப்ரவரி 2

உணவு. சைவர்களுக்கு வடக்கைவிடத் தெற்கு எளிது. ஏழை உழவர்களின் சமையல் என்பதால் அங்கே பருப்பும் கீரையும்தான் அடிப்படை. லெச்சே இருக்கும் புல்யா மாநிலத்தில் காய்ந்த மொச்சை இனப் பயறொன்றைக் குழைய வேகவைத்து, கசக்கும் சிக்கரிக் கீரையோடு ஆலிவ் எண்ணெய் ஊற்றித் தருகிறார்கள். என் தாயார் ஒரு வாய் உண்டுவிட்டு, 'கீரைக் கடைசலும் பருப்பும் தனித்தனியாக வைத்திருக்கிறான்' என்றார். லெச்சேயில் கொண்டைக்கடலையும் பாஸ்தாவும் சேர்த்து, பாஸ்தாவில் ஒரு பகுதியை மட்டும் பொரித்து மேலே போடும் சிச்செரி ஏ த்ரியா உண்டு. சிசிலித் தீவின் கட்டானியாவில் கத்திரிக்காய் வறுத்துப் போட்ட நோர்மா பாஸ்தா. பலெர்மோவின் தெருக்களில் பனெல்லே. கடலை மாவைக் கிண்டி, ஆறவைத்து, வெட்டி, எண்ணெயில் பொரித்து, ரொட்டிக்குள் வைத்துத் தருவது. பஜ்ஜியின் தூரத்து உறவு.

மரினாரா பீட்சா என்றால் கடல் உணவு என்று அஞ்சித் தவிர்ப்பவர்கள் உண்டு, நானும் முதலில் தவிர்த்தேன். தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய், அவ்வளவுதான், பாலாடைக்கட்டிகூடக் கிடையாது. தைரியமாக உண்ணலாம். காது வடிவ ஒரெக்கியெத்தே பாஸ்தாவைக் கீரையோடு கேளுங்கள்.

2025 பிப்ரவரி 3

நேற்று எழுதியதை இரவெல்லாம் மனத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டுத் திருத்துகிறேன். அந்தக் கீரை ஒரெக்கியெத்தேயில் வழக்கமாக நெத்திலி கரைந்திருக்கும்; கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்குத் தெரியும். அந்தக் கீரை குளிர்காலப் பயிர் என்பதால் ஜூனில் நல்லதாகக் கிடைக்கவும் கிடைக்காது. தக்காளி போட்டதைக் கேளுங்கள். நெத்திலிக்கு அவர்கள் சொல் அச்சூகே. 'சென்சா கார்னே, சென்சா பேஷே, சென்சா அச்சூகே' என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் மீனோ பன்றித் தொடைத் துண்டோ வந்து சேரலாம், அதை அவர்கள் இறைச்சிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

சிசிலியின் பொரித்த சோற்று உருண்டையும் அப்படித்தான். இறைச்சி வைத்ததை விட்டு 'வெண்ணெய்' உருண்டையைக் கேட்டோம். உள்ளே பன்றி இருந்தது. கீரை வைத்தது என்று கேட்டு வாங்குங்கள். அந்த உருண்டை பலெர்மோவில் பெண்பால், அரஞ்சீனா. கட்டானியாவில் ஆண்பால், அரஞ்சீனோ. இதை மாற்றிச் சொன்னால் கடைக்காரர் முகம் மாறுவதை மகளுக்குக் காட்டலாம்.

பார்மிஜானோ பாலாடைக்கட்டியில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள் சேர்கிறது. உங்கள் மாமியார் இதை எப்படி எடுத்துக்கொள்வார் என்பது உங்களுக்குத்தான் தெரியும். என் தாயாரிடம் நான் சொல்லவில்லை. ஊர் திரும்பிய பின் சொன்னேன், இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

2025 பிப்ரவரி 16

ஜனவரியில் பலெர்மோவில் தொடங்கி நாப்போலியில் முடிக்கச் சொன்னேன். அதைத் தலைகீழாகத் திருப்புகிறேன். நாப்போலியில் தொடங்கிப் பலெர்மோவில் முடியுங்கள். வெயில் கணக்கு இன்னும் சரியே. ஆனால் உங்கள் தேதிகளை மறுபடி பார்த்தபோதுதான் ஜூலை 14 அதற்குள் இருப்பது உறைத்தது.

ஜூலை 14 இரவு பலெர்மோவில் சாந்தா ரொசாலியாவின் திருவிழா. 1624-இல் நகரைக் கொள்ளைநோய் தாக்கியது. பெல்லெக்ரீனோ மலைக் குகையில் அந்தப் புனிதையின் எலும்புகள் கிடைத்தன என்றும், அவற்றை ஊர்வலமாக எடுத்து வந்த பின் நோய் விலகியது என்றும் ஊர் நம்புகிறது. ஆண்டுதோறும் புதிதாக ஒரு தேர் செய்கிறார்கள். அது பேராலயத்திலிருந்து நேர்த்தெருவில் கடல் நோக்கி இறங்குகிறது. நான்கு மூலை எனப்படும் குவாத்ரோ காந்தி சந்திப்பில் நின்று, மேயர் தேரின் மீது ஏறிப் புனிதைக்கு மலர் வைத்து 'வீவா பலெர்மோ ஏ சாந்தா ரொசாலியா' என்று முழங்குகிறார். பின் கடற்கரையில் வாணவேடிக்கை. தேரோட்டம் என்ற சொல்லை இதற்குப் பயன்படுத்த நான் சிறிதும் தயங்க மாட்டேன்.

அங்கே எனக்கு எதிர்பாராத ஒன்று நேர்ந்தது. கூட்டத்தில் என் தாயார் யாரோ ஒரு பெண்மணியிடம் தமிழில் பேசிக்கொண்டிருந்தார். உள்நாட்டுப் போரிலிருந்து தப்பி, எண்பதுகள் தொடங்கி இலங்கைத் தமிழர் பலெர்மோவில் வந்து குடியேறியிருக்கிறார்கள். பல்லரோ சந்தைப் பக்கம் நடந்தால் தமிழ் காதில் விழும். அவர்களில் சைவ சமயக் குடும்பத்தினரும் கத்தோலிக்கரும் வேறுபாடின்றி ஞாயிறுதோறும் ரொசாலியாவின் மலைக்குகைக்கு ஏறுகிறார்கள் என்று அந்த அம்மாள் சொன்னார். மறுநாள் காலை நகரப் பேருந்தில் போனோம். குகைக் கூரையிலிருந்து கசியும் நீரைத் தகரக் கால்வாய்கள் தாங்கி இறக்குகின்றன; கண்ணாடிக்குள் படுத்த நிலையில் புனிதை. செருப்பைக் கழற்றிவிட்டு நின்ற இரண்டு பெண்களைப் பார்த்து என் தாயாரும் கழற்றினார். தரை ஈரமும் குளிரும். அந்தப் பயணத்திலேயே அவருக்குக் கால் குளிர்ந்த ஒரே இடம் அதுதான் என்று இன்றும் சொல்கிறார்.

ஆகவே, திரும்பும் விமானத்தை 15-லிருந்து 16-க்கு மாற்றுங்கள். திருவிழா நள்ளிரவு தாண்டித்தான் முடிகிறது.

2025 மார்ச் 15

நேற்று முன்தினம் அதிகாலை நாப்போலிக்கு மேற்கே பொட்சுவோலிப் பகுதியில் நான்குக்கு மேற்பட்ட அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டதைப் படித்துவிட்டு நாப்போலியைத் தவிர்க்கலாமா என்று கேட்கிறீர்கள். அது வெசூவியஸ் எரிமலை அல்ல. அந்தப் பகுதியே தரைமட்டத்தில் விரிந்து கிடக்கும் பெரும் எரிமலை வாய். காம்ப்பி ஃப்ளெக்ரேயி என்று பெயர். அங்கே தரை மெல்ல உயர்வதும் தாழ்வதும் நெடுங்காலமாக நடக்கிறது. எண்பதுகளின் தொடக்கத்தில் இரண்டே ஆண்டுகளில் ஏறத்தாழ 1.8 மீட்டர் உயர்ந்தது. பொட்சுவோலியில் உரோமர் காலச் சந்தையின் மூன்று பளிங்குத் தூண்கள் நிற்கின்றன. அவற்றின் இடுப்பளவுக்கு மேலே கடற்சிப்பிகள் துளைத்த ஓட்டைகள் ஒரு பட்டையாகத் தெரியும். அந்த உயரம் வரை தூண்கள் கடலில் மூழ்கி, மறுபடி மேலே வந்திருக்கின்றன என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

நான் போவேன், ஆனால் அறையைப் பொட்சுவோலியில் எடுக்காமல், நாப்போலி மையத்தில் எடுப்பேன். பொட்சுவோலிக்கு ஒரு காலை மட்டும் போய்வாருங்கள், ஏனெனில் அது நமக்குத் தொடர்பில்லாத ஊர் அல்ல. கிழக்கிலிருந்து அலெக்சாந்திரியா வழியாக வந்த சரக்குகள் உரோமுக்குப் போகும் வழியில் இறங்கிய துறைமுகம் அது. நம் மேற்குக் கரை மிளகும் அந்த வழிதான் போயிருக்கும். மிளகைப் பொன் வெள்ளி போல நிறுத்து வாங்குகிறார்களே என்றும், ஆண்டுதோறும் இந்தியா ஐந்து கோடி செஸ்தெர்ஸ் நாணயங்களை உறிஞ்சிக்கொள்கிறதே என்றும் புலம்பி எழுதிய உரோம எழுத்தாளர் மூத்த பிளினி, கி.பி. 79-இல் வெசூவியஸ் வெடித்தபோது அதே வளைகுடாவில் கப்பற்படைத் தலைவராக இருந்தவர். மீட்கப் போன இடத்திலேயே இறந்தார்.

2025 மார்ச் 30

லெச்சேயிலிருந்து சிசிலிக்கு எப்படிப் போவது என்பதை நான் இதுவரை சாமர்த்தியமாகத் தாண்டிவிட்டேன், நீங்கள் பிடித்துவிட்டீர்கள். வரைபடத்தில் காலணியின் குதிகாலிலிருந்து விரலுக்குக் கடலோரமாக ஒரு ரயில் கோடு இருக்கிறது. 2016-இல் அதை நம்பித் தராந்தோவில் ஏறினோம். இடப்புறம் முழுக்க அயோனியக் கடல், வெறுமையான மணல், அவ்வப்போது ஒரு காவல் கோபுரம். அவ்வளவு அழகான ரயில் பயணத்தை நான் வேறெங்கும் செய்ததில்லை. பெரும்பகுதி ஒற்றைப் பாதை. எதிர் வண்டிக்காக நின்றோம், காரணம் இல்லாமலும் நின்றோம், ஒரு சிறு நிலையத்தில் இறக்கிவிடப்பட்டு அடுத்த வண்டிக்கு மூன்று மணி நேரம் காத்திருந்தோம். பதினொரு வயதுக்கும் அறுபத்தெட்டு வயதுக்கும் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். பாரியிலிருந்து சிசிலிக்கு விமானம் உண்டு, அதுதான் அறிவாளிகளின் வழி.

ஆனால் விமானத்தில் போனால் உங்கள் மகள் ஒன்றை இழப்பாள். சிசிலியைப் பிரிக்கும் மெசினா நீரிணையில் ரயில் கப்பலுக்குள் ஏறுகிறது. வில்லா சான் ஜொவான்னியில் ரயிலைத் துண்டுகளாகப் பிரித்து, கப்பல் வயிற்றிலுள்ள தண்டவாளங்களில் ஒவ்வொன்றாகத் தள்ளி அடுக்குகிறார்கள். கடக்கும் நேரம் அரை மணிக்கும் குறைவு. பிரிப்பதும் சேர்ப்பதுமே அதைவிட நீளம். பெட்டியை விட்டிறங்கி, படியேறி மேல்தளத்துக்குப் போய், நின்றபடி சிசிலியைப் பார்க்கலாம். ஐரோப்பாவில் மற்ற இடங்களில் பயணிகள் ரயிலுக்கு இந்த வழக்கம் அநேகமாக மறைந்துவிட்டது.

எனவே, வரிசையை இப்படி மாற்றிப் பார்க்கிறேன். நாப்போலி ஆறு இரவு, அங்கிருந்து பேருந்தில் மாத்தேரா மூன்று, லெச்சே ஆறு. பிறகு வந்த வழியே மேற்குக் கரைக்குத் திரும்பி, அமால்ஃபிக்கு அருகிலுள்ள சலேர்னோ நான்கு, ரெஜ்ஜோ ஒன்று. ரயில்-கப்பலில் கடந்து சிரக்கூசா ஐந்து, பலெர்மோ ஆறு. முப்பத்தொரு இரவு. கையால் கூட்டிப் பார்த்தேன், இந்த முறை சரி. லெச்சேயிலிருந்து சலேர்னோவுக்குத் திரும்புவது சுற்றுதான்; கசெர்த்தாவில் ஒரு முறை மாற வேண்டும்.

காப்ரியையும் சொரெந்தோவையும் காணோமே என்று கேட்பீர்கள். காப்ரிக்குச் சலேர்னோவிலிருந்தே கப்பல் உண்டு, சொரெந்தோவை விட்டுவிடுங்கள். தவோர்மினாவையும் விட்டுவிடுங்கள், கோபித்தாலும் சரி.

2025 மார்ச் 31

ரெஜ்ஜோவுக்கு ஒரே ஓர் இரவு ஏன் என்றால், இரண்டு ஆண்களைப் பார்ப்பதற்கு. 1972 ஆகஸ்ட் 16 அன்று ரியாச்சே என்ற ஊரின் கடலில் மூழ்கிய ஒருவர் மணலில் ஒரு வெண்கலக் கை நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டார். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் கிரேக்க வெண்கலச் சிலைகள் இரண்டு. அருங்காட்சியகத்தில் அவை இருக்கும் கூடத்துக்குள் போகுமுன், காற்றைச் சுத்திகரிக்கும் சிற்றறை ஒன்றில் சிறு குழுவாகச் சில நிமிடம் நிற்க வைக்கிறார்கள். கருவறைக்கு முன் திரை விலகக் காத்திருப்பது போன்ற அமைதி. ஒருவருடைய பற்கள் வெள்ளி, உதடு செம்பு. நம் ஊர்ச் செப்புத் திருமேனிகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு முதலில் அவை வெறும் உடற்பயிற்சி உடல்களாகவே பட்டன. பின்னால் போய் முதுகைப் பார்த்த பிறகுதான் வாயடைத்தேன்.

2025 ஏப்ரல் 13

மாமியாருக்கு முழங்கால் வலி என்று மூன்று மாதம் கழித்து இப்போது சொல்கிறீர்கள்! அப்படியானால் மாத்தேராவில் குகை அறை எடுப்பதை மறந்துவிடுங்கள்.

மாத்தேராவின் சாஸ்ஸி என்பது பாறைச் சரிவைக் குடைந்து வீட்டின் மேல் வீடாக அடுக்கிய குடியிருப்பு. ஒருவர் வீட்டுக் கூரையே மற்றவர் வீட்டுத் தெரு. விளம்பரப் படத்தில் அழகாகத் தெரியும் ஒவ்வொரு குகை அறைக்கும் அறுபது, எழுபது படிகள் இருக்கும், கைப்பிடி இருக்காது, கல் வழவழப்பாக இருக்கும். மேலேயுள்ள சமதளப் பகுதியில் அறை எடுத்து, விளிம்பிலுள்ள காட்சி முனைகளிலிருந்து பாருங்கள். மாலை ஏழு மணிக்கு மேல் ஒரு முறை மட்டும் இறங்கினால் போதும்.

ஐம்பதுகள் வரை அங்கே கழுதையும் கோழியும் மனிதரும் ஒரே குகையில் கிடந்தார்கள். நாட்டுக்கே அவமானம் என்று அரசியல்வாதிகள் பேசி, 1952-இல் தனிச் சட்டம் இயற்றி, ஏறத்தாழ 15,000 பேரைப் புதுக் குடியிருப்புகளுக்கு மாற்றினார்கள். காலியான குகைகள் 1993-இல் உலக மரபுச் சின்னமாயின. 2019-இல் ஊர் ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகர் ஆனது. வெளியேற்றப்பட்டவர்களின் அதே குகைகள் இன்று ஓரிரவுக்கு வாங்கும் வாடகையைப் பார்த்தால் எனக்குச் சற்றே வயிறு எரிகிறது. 2016-இல் நானே ஒன்றில் தங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். போர்வை ஈரமாக இருந்தது.

முதன்மைச் சதுக்கத்தின் அடியிலுள்ள பலொம்பாரோ நீர்த்தேக்கத்துக்குக் கட்டாயம் போங்கள். மழைநீரைச் சேர்க்கப் பாறையைக் குடைந்து எழுப்பிய கோயில் மண்டபம் போலிருக்கும்.

2025 ஏப்ரல் 27

கார் வேண்டவே வேண்டாம் என்று ஜனவரியில் அடித்துச் சொன்னதில் ஒரு விலக்கு. லெச்சேயில் இருக்கும் ஆறு நாளில் மூன்று நாளுக்கு மட்டும் கார் எடுங்கள், நகர மதிலுக்கு வெளியே எடுத்து வெளியே விடுங்கள். லெச்சேயைச் சுற்றியுள்ள சலெந்தோ பகுதியின் உள்ளூர் ரயில்கள் மிக மெதுவானவை. ஒத்ராந்தோவுக்குப் போய்வருவதே ஒரு பகலைத் தின்றுவிடும்.

ஒத்ராந்தோ பேராலயத்தின் தரை முழுவதும் ஒரே சித்திரம். 1163-க்கும் 1165-க்கும் இடையில் பந்தலேயோனே என்ற துறவியின் தலைமையில் கல்துண்டுகளைப் பதித்துச் செய்தது. ஒரு பெருமரம், அதன் கிளைகளில் ஆதாம் ஏவாள், நோவாவின் கப்பல், அலெக்சாந்தர், ஆர்தர் மன்னன் எல்லாரும். அந்த மரத்தைத் தாங்கி நிற்பவை இரண்டு யானைகள். அவர் யானையை நேரில் கண்டிருக்க மாட்டார் என்பது பார்த்ததுமே தெரியும். உங்கள் மகளைக் குறை கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

போகும் வழியில் ஆலிவ் தோப்புகளைப் பார்ப்பீர்கள். 2013-இல் அங்கே சைலெல்லா என்ற பாக்டீரியா கண்டறியப்பட்டது; மரத்தின் நீர்க்குழாய்களை அடைத்து அதைத் தாகத்தில் சாகடிப்பது. 2016-இல் நாங்கள் கல்லிப்போலிச் சாலையில் போனபோது கிளை நுனிகள் பழுத்திருந்தன, அவ்வளவுதான். வெயில் என்று நினைத்துக்கொண்டோம். 2023-இல் அதே சாலையின் இருபுறமும் கண்ணுக்கு எட்டியவரை சாம்பல் நிறக் கட்டைகள். பெரிய பெரிய, நூற்றாண்டுகள் கண்ட மரங்கள். என் தாயார் வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கவில்லை, கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்.

2025 மே 11

பொம்பெயிச் சீட்டை இப்போதே எடுங்கள். சென்ற நவம்பரிலிருந்து ஒரு நாளைக்கு 20,000 பேருக்கு மேல் அனுமதியில்லை; சீட்டில் பெயர் இருக்கும், கடவுச்சீட்டோடு ஒத்துப்போக வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம் என்று சொல்லுவார்கள். அன்று போகவே வேண்டாம். முழங்காலுக்காக, ஆம்ஃபிதியேத்திரம் பக்கமுள்ள வாயிலில் நுழைந்தால் சக்கர நாற்காலி போகும்படி அமைத்த சீரான பாதை உண்டு. மற்ற தெருக்கள் முழுக்க மேடுபள்ளமான பெரிய கற்பாளங்கள்.

இரண்டில் ஒன்றுக்குத்தான் தெம்பு இருக்கிறது என்றால் பொம்பெயியோடு அதே வெசூவியஸ் வெடிப்பில் புதைந்த எர்கொலானோவை நான் தேர்வேன். சிறிது, நிழல் அதிகம். மரக்கதவும் கட்டிலும் கரியாகி அப்படியே நிற்கின்றன. பழைய கடற்கரையின் படகுக் கொட்டில்களில் ஏறத்தாழ முந்நூறு எலும்புக்கூடுகள் கிடைத்தன. மகளை அங்கே அழைத்துப் போவதா என்பதை முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நாப்போலி தொல்பொருள் அருங்காட்சியகம் செவ்வாய் விடுமுறை. அங்கே 'பொம்பெயி லட்சுமி' எனப்படும் தந்தச் சிற்பம் இருக்கிறது. 1938-இல் பொம்பெயி வீடொன்றில் கிடைத்தது, ஏறக்குறைய ஒரு சாண் உயரம், அணிகள் பூண்ட பெண்ணும் இரு பக்கம் தோழியரும். பெயரைக் கேட்டு மாமியார் கைகூப்பத் தயாராகலாம். தாமரை இல்லை, யட்சியாகவே இருக்க வேண்டும் என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். இன்னொரு சங்கடம்: அதை வைத்திருப்பது 'மறைவு அறை' என்ற பகுதியில், பொம்பெயியின் காமச் சித்திரங்களுக்கும் சிற்பங்களுக்கும் நடுவில். என் தாயாரை எச்சரிக்காமல் அழைத்துப் போனேன். யட்சியை அரை நிமிடமும், சுவரை ஒரு நொடியும் பார்த்துவிட்டு, 'வெளியே காபி குடிக்கலாம்' என்றார்.

2025 ஜூன் 3

நேற்று சிசிலியின் எட்னா எரிமலைச் சரிவில் சாம்பல் புகை உருண்டு இறங்கிய காணொளியை மகள் அனுப்பச் சொன்னாள் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் தங்குவது சிரக்கூசாவில், மலையிலிருந்து தூரம். கவலை வேண்டியது கட்டானியா விமான நிலையத்துக்குத்தான், நீங்கள் அங்கே இறங்கவில்லை.

கடைசியாக, திருவிழா இரவு. மாலை ஏழுக்கே தெருவோரம் இடம்பிடிக்க வேண்டும். தேர் வரப் பத்து பதினொன்று ஆகிவிடும். அங்கே விற்கும் உணவில் பபலூச்சி என்பது நத்தை, ஸ்ஃபின்ச்சோனே என்னும் தடித்த ரொட்டியில் நெத்திலி, இரண்டையும் விடுங்கள். அவித்த சோளக்கதிர், தர்பூசணி, கூம்புக் காகிதத்தில் வறுத்த கொண்டைக்கடலையும் பூசணி விதையும் உங்களுக்கு. மாமியாருக்கு மடக்கு நாற்காலி ஒன்றைச் சென்னையிலிருந்தே பெட்டியில் வைத்துவிடுங்கள். நாங்கள் அன்று மாலை கடைகடையாகத் தேடியும் கிடைக்காமல், ஒரு மளிகைக்காரரிடம் காலிப் பழப்பெட்டி வாங்கிக் கவிழ்த்து என் தாயாரை உட்கார வைத்தோம்.